ஏசி வாங்கியாச்சு... வயர் கணக்கு போட்டாச்சா?

"ஓசூருக்கு ஏசியா?" என்று இருபது வருஷத்துக்கு முன்னால் சிரித்திருப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். வெயில் காலத்திலும் ராத்திரியில் போர்வை தேடிய ஊர். இன்று பாகலூர் ரோட்டில் மாடிக்கு மாடி அவுட்டோர் யூனிட் தொங்குகிறது.

என் தங்கை மகள் அங்கேதான் முதல் மாடியில் பிசியோதெரபி சென்டர் திறக்கப் போகிறாள். கல்யாண வளையலை அடகு வைத்த பணம். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நம்பித்தான் இந்தத் துணிச்சல்.

"பெரியம்மா, 2 டன் ஏசி மூணு புக் பண்ணியாச்சு. இன்ஸ்டலேஷன் ஃப்ரீ!" என்றாள் போனில்.

அந்த 'ஃப்ரீ' பெரும்பாலும் சுவரில் மாட்டிக் கொடுப்பதோடு சரி. மீட்டரிலிருந்து ஏசி வரை மின்சாரம் வந்து சேர வேண்டுமே, அது நம் செலவு.

அதற்கு இரண்டு கொட்டேஷன் வாங்கியிருந்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளிக்காரர் கொடுத்தது 38,000 ரூபாய். 'எலக்ட்ரிக்கல் வேலை, மொத்தமாக' என்று ஒரே வரி. ஓசூர்க்காரர் கொடுத்தது 61,000, இரண்டு பக்கம். வீட்டில் எல்லோரும் 38-க்குத்தான் ஓட்டு. நான் அந்த இரண்டு பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன்.

முதலில் லோடு. 2 டன் ஏசி ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது 2 முதல் 2.5 கிலோவாட் வரை இழுக்கும். மூன்றுக்கும் 7 என்று வையுங்கள். விளக்கு, சிகிச்சைக் கருவிகளுக்கு 2. ஆக 9. அந்த மாடியில் இருந்ததோ 3 கிலோவாட்டுக்கு அனுமதி பெற்ற சிங்கிள் பேஸ் இணைப்பு! த்ரீ பேஸ் வாங்கி, பேஸுக்கு ஒரு ஏசி என்று பிரித்தாக வேண்டும்.

அடுத்து வயர். ஏசிக்கு 4 ஸ்கொயர் காப்பர் என்று ஓசூர்க்காரர் எழுதியிருந்தார். 2.5 ஸ்கொயரிலும் ஓடும்தான். ஆனால் தூரம் கூடக் கூட வோல்டேஜ் இறங்கும், கம்ப்ரஸர் திணறும். ஒரே வரி கொட்டேஷனில் எந்த ஸ்கொயர், எத்தனை மீட்டர் என்று யாருக்குத் தெரியும்?

எர்த்து விஷயம்தான் எனக்குப் புதுசு. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர் போனது இல்லையா? கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டுகிற இடங்கள் நிறைய. பாறையில் மின்சாரம் சுலபமாக இறங்காது. அதனால் குழி ஆழமாகப் போகவேண்டும், நல்ல மண்ணும் கரியும் உப்பும் கொட்டவேண்டும். இரண்டு குழிக்கும் கூலி தனியாகப் போட்டிருந்தார். இதில் மட்டும் பேரம் பேசாதே என்றேன். அவுட்டோர் யூனிட் இரும்புப் பெட்டி. மழையில் யாராவது கை வைத்தால்?

அத்திப்பள்ளிக்காரருக்குப் போன் போட்டு, கீழே மீட்டரிலிருந்து மாடிக்கு வரும் கேபிள், டிபி பாக்ஸ், எர்த்து குழி எல்லாம் இதில் சேர்த்தியா என்று கேட்டாள். "அதெல்லாம் எக்ஸ்ட்ரா ஆகும்மா" என்றார். கூட்டிப் பார்த்தால் 66,000. போதாததற்கு அவரிடம் இருப்பது கர்நாடக உரிமம். நம் மின்வாரியம் வயரிங் சான்று கேட்டால், தமிழ்நாட்டு உரிமம் உள்ள ஒருவரைத் தேடி இவள் அலைய வேண்டும்.

ஓசூர்க்காரர் இன்னொன்றும் சொன்னார்: மூன்று அவுட்டோர் யூனிட்டையும் பின்பக்கச் சுவரிலேயே வைத்தால் வயரில் 20 மீட்டர் மிச்சம். தொகை 57,000-க்கு இறங்கியது. ஜிஎஸ்டி சேர்த்துத்தானா என்று கேட்டு, எழுதியும் வாங்கிக்கொண்டாள். கெட்டிக்காரி.

ஆனால் கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் கட்டும் டெபாசிட்டும் மற்ற கட்டணங்களும் எந்தக் கொட்டேஷனிலும் இல்லை. கிலோவாட் கணக்கில் ஏறும் செலவு அது. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் டெபாசிட்டும் அவர் கணக்கில்தான் போகும். நாளைக்கு இவள் காலி செய்தால்?

அதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கு, அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாராம். நானும் கூடப் போகிறேன்.