பழமையைச் சுரண்டினால் வரலாறு மிஞ்சுமா?

பாழடைந்த பழைய கட்டடம் ஒன்றை, கட்டிய காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே மாற்றிவிட வேண்டும் என்று யாராவது சொன்னால், நம்மில் பலரும் சரியென்று தலையாட்டுவோம். ஆனால், அந்த நல்ல எண்ணமே ஒரு கட்டடத்தின் வரலாற்றை அழித்துவிடலாம். இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயங்கள் அதற்குச் சான்று.

இடைக்காலத்தில் எழுந்த இந்தத் தேவாலயங்களில் பல, ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்பட்டவை அல்ல. 12ஆம் நூற்றாண்டில் கனமான சுவர்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட ஒரு கூடம் எழும்பும். அடுத்த நூற்றாண்டில் கூர்முனை வளைவுகளோடு பக்கக் கூடம் ஒன்று சேரும். 15ஆம் நூற்றாண்டில் வெளிச்சம் வேண்டி அகன்ற சன்னல்கள் வைப்பார்கள். ஊரின் வசதியும் வழிபாட்டு முறையும் மாற மாற, கட்டடமும் மாறியது. ஆகவே, அதன் 'அசல்' தோற்றம் எது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது.

19ஆம் நூற்றாண்டின் சீரமைப்பாளர்கள் அதற்கு ஒரே பதில் சொல்ல முயன்றார்கள். 1839ஆம் ஆண்டில் தொடங்கிய கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கம், 1300ஆம் ஆண்டையொட்டிய கட்டடப் பாணியே தேவாலயத்திற்கு மிக உகந்தது என்று வாதிட்டது. அந்தக் கருத்து நாடெங்கும் பரவியது. பிற்காலச் சன்னல்களை எடுத்துவிட்டு, பழைய பாணியில் புதிதாகச் செதுக்கியவற்றைப் பொருத்தினார்கள். பலகைத் தடுப்புடன் கூடிய இருக்கைகளை அகற்றினார்கள். உட்சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிக் கல்லை வெளியே காட்டினார்கள்.

இன்று நாம் படங்களில் பார்த்து 'எவ்வளவு பழமை' என வியக்கும் அந்த வெறுங்கல் சுவர், பல இடங்களில் இந்தச் சுரண்டலின் விளைவே. இடைக்கால மக்கள் உட்சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, அதன்மேல் வண்ண ஓவியம் தீட்டினார்கள். பூச்சு போனபோது ஓவியமும் சேர்ந்து போனது.

இதைக் கண்டு கொதித்தவர் வில்லியம் மோரிஸ். கவிஞராகவும் வடிவமைப்பாளராகவும் புகழ்பெற்ற அவர், 1876ஆம் ஆண்டில் பர்ஃபோர்டு தேவாலயத்தில் நடந்த சீரமைப்பை எதிர்த்தார். மறு ஆண்டே பண்டைக் கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நண்பர்களுடன் தொடங்கினார். 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்று அதற்குப் பட்டப்பெயரும் வந்தது. அதன் கொள்கை எளிது: பழுதுபார், பழையதைப்போல் போலி செய்யாதே. கூரை ஒழுகலை உடனே நிறுத்து, நாள்தோறும் பராமரி, புதிதாகச் சேர்ப்பது புதியது என்றே தெரியட்டும்.

அந்தக் கொள்கையைக் கண்ணால் காண, தேம்ஸ் நதிக்கு அருகில் உள்ள இங்கிள்ஷம் தேவாலயத்தைப் பார்க்கலாம். பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதை, மோரிஸின் முயற்சியால் 1888, 1889ஆம் ஆண்டுகளில் பழுதுபார்த்தார்கள். உள்ளே நுழைந்தால் 1066ஆம் ஆண்டுக்கும் முந்தைய, மேரி அன்னையும் குழந்தையும் கொண்ட சிற்பம் இருக்கிறது. பிற்காலப் பலகைத் தடுப்பு இருக்கைகளும் அங்கேயே இருக்கின்றன. சுவர்களில் வெவ்வேறு காலத்து ஓவியங்களும் எழுத்துகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து தெரிகின்றன. ஒரே சுவரில் பல நூற்றாண்டுகளைப் படிக்க முடிகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பு நடந்திராவிட்டால், பல தேவாலயங்கள் இடிந்தே போயிருக்கும். தேவாலயம் அருங்காட்சியகம் அன்று. மக்கள் கூடி வழிபடும் இடம். அவர்களுக்கு இருக்கையும் வெளிச்சமும் தேவை. இங்கிள்ஷம் இன்று வழக்கமான வழிபாடு இல்லாமல் ஓர் அறக்கட்டளையின் பராமரிப்பில் இருப்பதும் உண்மை. எனவே, எதையுமே மாற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தேவைக்காக மாற்றுவது வேறு. ஒரு காலத்தை மட்டும் உயர்ந்ததாகக் கருதி மற்றக் காலங்களைத் துடைத்தெறிவது வேறு. பின்னதை ஏற்க முடியாது. சுரண்டிய ஓவியத்தை எந்த நிபுணராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

கட்டடக்கலை, பொறியியல், வரலாறு பயிலும் மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தொழில்நுட்பம் தெரியாமல் செய்யும் 'நல்ல வேலை'யும் கேடுதான். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, கல்லை அரிக்கும். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும் சுவர் உள்ளுக்குள் நலிந்துகொண்டிருக்கும்.

நாளை மரபுடைமைக் கட்டடம் ஒன்றின் பணி உங்கள் கைக்கு வரலாம். 'இதை எப்படிப் புதிதாக்குவது?' என்று தொடங்காதீர்கள். 'இதில் யார் யாருடைய காலம் பதிந்திருக்கிறது, நான் எதை அகற்றினால் அது என்றென்றைக்கும் போய்விடும்?' என்று முதலில் கேளுங்கள். அதற்கு விடை தெரிந்த பிறகு உளியை எடுக்கலாம்.