கொலுவுக்கு ஒரு தெப்பக்குளம்

போன இதழில், தவழும் குழந்தை உள்ள வீட்டில் எதை எதை உயரத்தில் ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதில் பெரியவனின் லெகோ கட்டைகளைப் பரணில் போட்டுவிட்டதாக ஒரு வரி வந்தது. "நீங்கள் பரணில் போட்டீர்கள், சரி, பெரியவன் சும்மா இருந்தானா?" என்று சில சகோதரிகள் கேட்டு எழுதிவிட்டார்கள்.

சும்மா இருந்தானா! இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. ஆனால் நான் என்ன செய்வது? பத்து மாதப் பாப்பா வாயில் எதையோ மென்றுகொண்டிருக்கிறாளே என்று பார்த்தால், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டக் கட்டை! உதட்டருகில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததால் எடுத்துவிட்டேன். (தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவி எடுக்கக் கூடாது, அது இன்னும் உள்ளே போய்விடும். இளம் தாய்மார்கள் இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) அன்றைக்கே மூட்டை கட்டிப் பரணில் ஏற்றியாகிவிட்டது.

பெரியவனுக்கு வந்த கோபத்துக்கும் நியாயம் உண்டு. நவராத்திரிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. கொலுப் படிக்குக் கீழே வருஷா வருஷம் பூங்கா வைப்பது அவன் பொறுப்பு. இந்தத் தடவை மணலும் முளைப்பாரியும் வேண்டாம், லெகோவிலேயே மதுரை மாரியம்மன் தெப்பக்குளம் மாதிரி ஒன்று, நடுவில் மைய மண்டபத்தோடு கட்டப் போவதாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

வழி சொன்னது என் நாத்தனார் பையன். "மாமி, முதல்ல கம்ப்யூட்டர்ல கட்டச் சொல்லுங்கோ. கட்டையே வேண்டாம். பாப்பா வாயில போட்டுக்கவும் முடியாது" என்றான். 'ஸ்டூடியோ' என்று ஒரு மென்பொருள். பிரிக்லிங்க் என்ற பழைய கட்டைச் சந்தைக்காரர்களுடையது. அந்தச் சந்தையை 2019-ல் லெகோ கம்பெனியே வாங்கிவிட்டது. காசு கிடையாது, இறக்கிக்கொள்ளலாம். திரையின் ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான கட்டைகள் கடை விரித்தாற்போல் இருக்கின்றன. வேண்டியதை எடுத்து நடுவில் வைக்க வேண்டியதுதான். எவ்வளவு சுலபம் என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றிற்று. பத்தே நிமிஷத்தில் சமையலறைக்குக் குரல் வந்தது.

"அம்மா, கட்டை உட்காரவே மாட்டேங்குது!"

போய்ப் பார்த்தேன். படி மேல் அழகாகத்தான் உட்கார்ந்திருந்தது. மவுஸின் வலது பொத்தானை அழுத்திக்கொண்டு காட்சியைத் திருப்பினான். அடக் கடவுளே! கட்டை குளத்துக்கு வெளியே அந்தரத்தில் தொங்குகிறது. திரை தட்டையானது. எதிரே பார்க்கும்போது பொருந்தினாற்போல் இருப்பது பக்கவாட்டில் பார்த்தால் ஒரு முழம் தள்ளி நிற்கும். கட்டை வைப்பதற்கு முன்பு ஒரு தரம், வைத்த பிறகு ஒரு தரம் என்று காட்சியைச் சுழற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. லேப்டாப்பின் தடவும் பலகையில் இந்த வேலை ஆகாது. சக்கரம் வைத்த சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு விஷயத்தில் எனக்கே சுவாரசியம் வந்துவிட்டது. கட்டையின் தலையில் இருக்கும் ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6. 'தகடு' என்கிற மெல்லிய கட்டை 3.2. மூன்று தகடு அடுக்கினால் ஒரு கட்டை உயரம். 1958-ல் டென்மார்க்கில் காப்புரிமை பெற்ற கட்டையோடு இன்றைக்கு வாங்குவதும் பொருந்துகிறது என்றால் இந்தக் கணக்கு மாறாததால்தான். எங்கள் பரணில் என் அண்ணா சின்னப் பையனாக இருந்தபோது சிங்கப்பூரிலிருந்து வந்த கட்டைகள்கூட இருக்கின்றன; அவையும் பொருந்துகின்றன. எங்கள் கொலுப் படி ஓர் அடி அகலம். 32 குமிழ் சதுரத்தில் அடிப்பலகை வைத்தால் 25.6 சென்டிமீட்டர், படியில் அடங்கும். 48 என்றால் 38.4, வெளியே துருத்தும். கட்ட ஆரம்பிப்பதற்கு முன்பே இது தெரிந்தது எவ்வளவு நல்லதாயிற்று!

குளத்தின் நாலு பக்கப் படிகளையும் தனித்தனியாகக் கட்ட ஆரம்பித்தான். நான்தான் தடுத்தேன். கோலத்தில் ஒரு மூலை இழையைப் போட்டால் மற்ற மூன்றும் அதே கைதானே? அதற்கும் இதில் வழி இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கட்டி 'சப்மாடல்' என்று தனியாக வைத்துவிட்டால், அதையே நாலு தரம் திருப்பி வைக்கலாம். பிறகு ஒன்றில் ஒரு கட்டையை மாற்றினால் நாலிலும் மாறிவிடும். மூலையில்தான் இடித்தது. படிகள் நாலு குமிழ் அகலம். ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் 28 குமிழ் நீளமாகக் குறைத்து, காற்றாடி இதழ் மாதிரி ஒன்றின் முனை அடுத்ததன் தோளில் முட்டும்படி வைத்தோம். சரியாக 32 வந்தது.

நடுவில் ஒரு சோகம். எங்கள் லேப்டாப்பின் பாட்டரி போய் ஒரு வருஷம் ஆகிறது. செருகி வைத்தால்தான் ஓடும். "மாற்றலாம், மாற்றலாம்" என்று தள்ளிப்போட்டது நான்தான். ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயிற்று. இரண்டு சாயங்கால வேலை போயே போயிற்று! குழந்தை சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். தலையைத் தடவினால் கையைத் தட்டிவிட்டான். கடைசியாகச் சேமித்தது எப்போது என்று கேட்டதற்கு "முந்தாநாள்" என்றான். மறுநாளிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். ஒரு தூண் முடிந்தால் ஒரு தரம் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அன்றைய தேதியைப் பெயரோடு சேர்த்துப் புது ஃபைலாக வைக்க வேண்டும். பழையதை அழிக்கக் கூடாது. பென் டிரைவில் ஒரு நகல். பாட்டரியையும் அந்த வாரமே மாற்றினேன். அதற்கு இந்த அழுகை வேண்டியிருந்தது, பாருங்கள்.

மண்டபத்துக்கு 12 தூண். தூணுக்கு ஒற்றைக் கட்டை ஐந்து. கட்டி முடித்ததும் சாமான் பட்டியலைத் திறந்து காட்டினான். மளிகை லிஸ்ட் மாதிரி எந்தக் கட்டை எத்தனை என்று மென்பொருளே எழுதிவிடுகிறது. ஒற்றைக் கட்டைக்கு நேரே 120 என்று போட்டிருந்தது.

"ஏண்டா, பன்னிரண்டு அஞ்சு அறுபதுதானே?"

"கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாதும்மா."

"உங்கப்பாவோட கடைக்காரர் பில்லும் அப்படித்தான் சொல்லும். எண்ணிப் பாரு."

எண்ணினான். கண்ணுக்கு 12 தூண்தான். இன்னும் 60 கட்டை எங்கே? நாத்தனார் பையனுக்குப் போன் போட்டோம். அவன் ஒரு தந்திரம் சொன்னான். மாடலை 'எல்டிரா' வடிவில் வெளியே எடுத்தால், அதைச் சாதாரண நோட்பேடிலேயே திறந்து படிக்கலாமாம். எல்டிரா என்பது 1995-ல் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஜெஸிமன் என்பவர் உண்டாக்கிய முறை. அவர் 1997-லேயே காலமாகிவிட்டார். ஆனால் அவர் வகுத்த அந்த முறையின் மேல்தான் இன்றைக்கும் பல மென்பொருள்கள் நிற்கின்றன. அதில் ஒரு கட்டைக்கு ஒரு வரி. நிறத்துக்கு ஓர் எண், இடத்துக்கு மூன்று எண், கடைசியில் கட்டையின் எண். ஒற்றைக் கட்டைக்கு 3005. ஒரு குமிழ் தள்ளினால் 20, ஒரு கட்டை உயர்ந்தால் 24, ஒரு தகட்டுக்கு 8 என்று கணக்கு.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். அச்சாக ஒரே மாதிரி வரிகள் இரண்டிரண்டாக வந்தன! ஒரே இடத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தூண். தூண்களை நகலெடுத்து வைத்தபோது பையன் அவசரத்தில் இரண்டு தரம் வைத்திருக்கிறான். ஒரு கட்டைக்குள் இன்னொன்று புகாமல் காவல் காக்க 'கொலிஷன்' என்று ஒரு பொத்தான் உண்டு. "அது இருந்தா எதையும் வைக்க விடமாட்டேங்குது" என்று துரை அதை அணைத்து வைத்திருந்தார். ஏதாவது இக்கட்டான இடத்துக்காக அணைத்தால் உடனே திரும்பப் போட்டுவிட வேண்டும். பட்டியலை அப்படியே ஆர்டர் செய்திருந்தால் 60 கட்டைக்குத் தண்டம் அழுதிருப்போம்.

ஆர்டர் என்றதும் நினைவு வருகிறது. மொத்தப் பட்டியலின் விலையைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "நிஜத் தெப்பக்குளத்துக்கே ஒரு படி கட்டிக் கொடுத்துடலாம் போலிருக்கே!" என்றார். கோயில் மதிலுக்கு வெள்ளையும் காவியும் பட்டை போட, கருஞ்சிவப்பில் கண்டதையெல்லாம் எடுத்திருந்தான். திரையில் எந்தக் கட்டைக்கும் எந்த நிறமும் பூசலாம். ஆனால் எல்லாக் கட்டையும் எல்லா நிறத்திலும் வார்க்கப்பட்டதில்லை. சில உண்டு, அபூர்வம், ஆகவே விலை அதிகம். கிடைக்காத நிறத்தை மென்பொருள் அடையாளம் காட்டத்தான் செய்கிறது, பார்க்க வேண்டுமே!

அன்றைக்கு எடுத்த முடிவு, இருக்கிறதைக் கொண்டு கட்டுவது. நாம் சமையலுக்குச் செய்வதுதானே? லெகோப் பெட்டியின் எண்ணைக் கொடுத்தால் அந்தப் பெட்டியில் வரும் கட்டைகளை மட்டும் ஸ்டூடியோ வரிசையாகக் காட்டும். எங்களிடம் மூன்று பெட்டியின் புத்தகம் இருந்தது. அண்ணாவின் கட்டைகளுக்குப் புத்தகம் ஏது? பாப்பா தூங்கின பிறகு நானும் பெரியவனும் பரணிலிருந்து இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, கிண்ணம் கிண்ணமாகப் பிரித்து எண்ணினோம். மூன்று ராத்திரி. எண்ணி முடித்துத் தரையைப் பெருக்கி, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு தூணை நிஜமாகக் கட்டிப் பார்க்கச் சொன்னேன். ஐந்து ஒற்றைக் கட்டை அடுக்கி மேலே கூரையை அழுத்தினால் மளுக்கென்று சாய்ந்தது. திரையில் பாரமும் கிடையாது, ஆட்டமும் கிடையாது, எதுவும் விழாது. கூரையிலேயே ஒரு பகுதி எதையும் தொடாமல் மிதந்துகொண்டிருந்தது தெரியுமா? 'ஸ்டெபிலிட்டி' என்ற சோதனையை ஓட்டினபோதுதான் அது காட்டிக்கொடுத்தது. தூணுக்கு, ஐந்து கட்டை உயரத்தை ஒரே வார்ப்பாகச் செய்த நெட்டைக் கட்டை இருக்கிறது. பரண் மூட்டையில் வெள்ளையில் 11 அகப்பட்டன. பன்னிரண்டாவதை மட்டும் சின்னக் கட்டைகளால் அடுக்கி நடுவில் ஒளித்தான். இருபுறமும் நெட்டைத் தூண்கள் தாங்குவதால் அது அசையவில்லை.

கோபுரத்துக்கு நாத்தனார் பையன் 2015-ல் செய்து வைத்திருந்த பழைய ஃபைல் ஒன்றைக் கொடுத்தான். அது லெகோ கம்பெனியின் பழைய 'டிஜிட்டல் டிசைனர்' மென்பொருளில் செய்தது. அந்த மென்பொருளை 2022-ல் நிறுத்திவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படிப்பட்ட ஃபைல் இருந்தால் அழிக்க வேண்டாம். 'ஓப்பன்' என்பதற்குப் பதிலாக 'இம்போர்ட்' என்ற இடத்தில் கொடுத்தால் ஸ்டூடியோ வாங்கிக்கொள்ளும். இரண்டும் வேறு வேறு எண்களை வைத்திருப்பதால் சில கட்டைகள் காணாமல் போகலாம், சில திரும்பி நிற்கலாம். பழைய படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும்.

லேப்டாப் பழசாகி இழுத்து இழுத்து ஓடினால், வேலை செய்யாத பகுதிகளை மறைத்து வையுங்கள். அப்படியும் முடியாவிட்டால் லியோகேட் என்று இலேசான ஒன்று இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

உடம்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கால் எட்டாது. தொங்கிக்கொண்டே இருக்கும், முதுகு வளையும். இரண்டு மணைப் பலகையை அடுக்கிக் காலுக்கு வைத்தேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து, இருபது அடி தள்ளி இருப்பதை இருபது விநாடி பார்க்கச் சொன்னேன். எங்கள் வீட்டில் அது எதிர் வீட்டு மாமியின் முருங்கை மரம். "உன் பிள்ளை என் மரத்தையே முறைக்கிறானே, காய் வேணுமா?" என்று மாமி ஒரு கட்டு அனுப்பிவிட்டார்!

மகாளய அமாவாசைக்கு மறுநாள் படி கட்டி, பொம்மைகள் ஏற்றி, மூன்றாம் படியில் தெப்பக்குளத்தை வைத்தோம். மூன்றாம் படிதான்; பாப்பாவுக்கு எட்டாத உயரம். பூங்கா வழக்கம்போல் கீழே இல்லையே என்று மாமனாருக்குச் சிறிது குறை. மாமி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏண்டா, அந்த ஒரு தூண் மட்டும் என்ன வேற மாதிரி இருக்கு?"

பெரியவன் என்னைப் பார்த்தான். "அது மட்டும் அஞ்சு கட்டை மாமி. மத்ததெல்லாம் ஒண்ணே ஒண்ணு. மேல தொட்டுப் பாருங்கோ, விழாது" என்றான்.

மாமி தொட்டுப் பார்த்தார். விழவில்லை.