அக்கிப் புண்ணும் ஆயிரம் ரூபாய் லேகியமும்

வாய்விட்டுச் சொல்ல முடியாத வியாதி ஒன்று நம்மிடையே இருக்கிறது. மறைவிடத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்களாகக் கிளம்பும். உடைந்து புண்ணாகும். எரியும், வலிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே ஆறிவிடும். 'விட்டது சனியன்' என்று மூச்சு விடுவதற்குள், சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் தலைகாட்டும். ஜனங்கள் இதை மேகப்புண் என்றும் சூட்டுப்புண் என்றும் சொல்லுகிறார்கள். டாக்டர்கள் ஹெர்ப்பிஸ் என்கிறார்கள். அக்கி வகையைச் சேர்ந்தது.

இதைப் பற்றித் தொழிலாளி வர்க்கத்தின் பத்திரிகை எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். எழுதத்தான் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் உழைக்கிற ஆணும் பெண்ணும், சுற்றுக் கிராமங்களில் நாற்று நடுகிற கூலிக்காரர்களும் இந்தப் புண்ணுக்காகச் செலவிடுகிற பணம் அவர்களுடைய வியர்வை. 'நாற்பத்தெட்டு நாளில் அடியோடு தீரும், ரகசியம் காக்கப்படும்' என்று விளம்பரம் செய்து, லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்து, லேகியமும் சூரணமும் ஆயிரக்கணக்கில் விற்கிற ஆசாமிக்குக் கட்டிடம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஆலை முதலாளிக்கு ஆலை முதல். இவனுக்கு நம்முடைய வெட்கம்தான் முதல்.

ஆகவே முதலில் வெட்கத்தை விடுவோம். உலக சுகாதார ஸ்தாபனம் 2024 டிசம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. உலகத்தில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 84 கோடியே 60 லட்சம் பேருக்கு இந்த வியாதி உண்டு. ஐந்து பேரில் ஒருவருக்கு மேல்! பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. கண்ணுக்குப் புண் தெரியாதபோதும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். எனவே வீட்டில் ஒருவருக்குப் புண் வந்தவுடன் 'நீ எங்கே போனாய்?' என்று பெண்டாட்டியை அடிப்பதும், புருஷனைத் தூற்றுவதும் அறியாமை. அந்தக் கிருமி கல்யாணத்துக்குப் பல வருஷம் முன்பே உடம்பில் குடியேறி, இன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கலாம்.

உடம்புச் சூட்டினால் வருவதும் அல்ல இது. காரணம் ஒரு நுண்கிருமி. தோல் வழியாகப் புகுந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு ஏறி, முதுகெலும்பின் அடிப்பக்கத்து நரம்பு முடிச்சில் படுத்துக்கொள்கிறது. காய்ச்சல், அலுப்பு, மனக்கவலை என்று உடம்பு தளரும்போது எழுந்து, வந்த வழியே திரும்பித் தோலுக்கு வருகிறது. நரம்பு முடிச்சில் உறங்குகிற அந்தக் கிருமியை அங்கிருந்து கிளப்பி ஒழிக்கிற மருந்து இன்றுவரை எந்த வைத்தியத்திலும் கிடையாது. அலோபதியிலும் இல்லை, சித்தத்திலும் இல்லை, ஹோமியோபதியிலும் இல்லை. 'அடியோடு தீர்ப்பேன்' என்று எவன் சொன்னாலும் அவன் பொய் சொல்லுகிறான். இதுதான் நாம் சொல்ல வந்த விஷயத்தின் அடிப்படை.

'ஆனால் லேகியம் சாப்பிட்டேன், புண் ஆறியதே!' என்று ஒரு தோழர் கேட்பார். நியாயமான கேள்வி. நம் கிராமங்களில் அக்கி எழுதுவது உண்டல்லவா? குயவர் வீட்டுக்குப் போனால், காவியைக் குழைத்து அக்கியின்மேல் பூசி எழுதி அனுப்புவார். சில நாளில் அக்கி உலர்ந்து உதிரும். பலர் காசுகூட வாங்குவதில்லை. அவர் மேல் நமக்கு மரியாதை உண்டு. ஆனால் அக்கியை ஆற்றியது காவியா? எழுதாமல் விட்டிருந்தாலும் அது அநேகமாக அதே நாளில்தான் உதிர்ந்திருக்கும். தானாக வந்து தானாகப் போகிற வியாதிக்கு எந்த மருந்து கொடுத்தாலும் அது பலித்தது போலவே தோன்றும். இன்னொன்றும் உண்டு. முதல் வருஷத்தில் நான்கைந்து தடவை வருகிற புண், பலருக்கு வருஷம் போகப்போகக் குறைந்துகொண்டே வரும். அந்தக் குறைவையும் லேகியக்காரன் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறான். மறுபடி வந்தால் 'நீ பத்தியம் கெட்டாய்' என்பான். வெற்றி அவனுக்கு, குற்றம் நமக்கு!

பின் உண்மையை எப்படி அறிவது? வியாதியஸ்தர்களை இரண்டு பிரிவாகப் பிரிக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு மருந்து. மற்றொன்றுக்கு மருந்து போலவே தோன்றும் வெறும் மாத்திரை அல்லது வெறும் களிம்பு. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது, வாங்குபவருக்கும் தெரியக் கூடாது. கடைசியில் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தத் தராசு எல்லோருக்கும் பொது. இங்கிலீஷ் மருத்துவமும் இதில் ஏறித் தோற்றிருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் புண்ணுக்கு டாக்டர்கள் திரும்பத் திரும்ப அம்மை குத்தினார்கள். 1959-ல் நிறுத்துப் பார்த்தபோது, வெறும் ஊசிக்கும் அம்மைப் பாலுக்கும் வித்தியாசம் காணோம். பிறகு புண்ணில் சாயம் தடவி விளக்கு வெளிச்சம் காட்டினார்கள். 1975-ல் அதுவும் பயனற்றது என்று தெரிந்தது. இரண்டையும் கைவிட்டார்கள். தவறு என்று தெரிந்ததும் கைவிடுவதுதான் விஞ்ஞானம்.

இதே தராசில் நாட்டு மருந்துகளையும் இயற்கை மருந்துகளையும் வைத்துப் பார்ப்போம்.

தேனீக்கள் தங்கள் கூட்டில் பூசுகிற பிசினை வைத்து 2000-ல் ஒரு சோதனை வெளியாயிற்று. மொத்தம் 90 பேர், பிரிவுக்கு 30 பேர். பத்தாம் நாளில் பிசின் களிம்பு பூசியவர்களில் 24 பேருக்கும், அசைக்ளோவிர் களிம்பு பூசியவர்களில் 14 பேருக்கும், வெறும் களிம்பு பூசியவர்களில் 12 பேருக்கும் புண் ஆறியிருந்தது. நம்பிக்கை தரும் கணக்குத்தான். ஆனால் 90 பேர் போதாது. புண் சீக்கிரம் ஆறுவது வேறு, மறுபடி வராமல் தடுப்பது வேறு. கடைசி எண்ணையும் கவனியுங்கள் தோழர்களே! மருந்தே இல்லாத களிம்பு பூசியவர்களில் 12 பேருக்குப் பத்து நாளில் ஆறிவிட்டது. லேகியக்காரன் சாட்சிக்குக் கூப்பிடுவது இந்தப் பன்னிரண்டு பேரைத்தான்.

தேனை நியூசிலாந்தில் 952 பேரிடம் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். அது உதட்டில் வருகிற அக்கி. தேனுக்கும் அசைக்ளோவிர் களிம்புக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தக் களிம்பே பெரிதாகப் பலன் தராதது. உள்ளே சாப்பிடுகிற மாத்திரைதான் வேலை செய்கிறது. எக்கினேசியா என்ற மேல்நாட்டு மூலிகையை இங்கிலாந்தில் 50 பேருக்கு ஆறு மாதம் கொடுத்து, ஆறு மாதம் போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2001-ல் வந்த முடிவு: பயன் தெரியவில்லை. லைசின் மாத்திரை பற்றிய சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கற்றாழைக்குச் சாட்சி சொல்வது சிறு சோதனைகளே. வேப்பம்பட்டைச் சாறு கண்ணாடிக் குப்பியில் கிருமியைத் தடுத்திருக்கிறது. குப்பியில் நடப்பதெல்லாம் மனித உடம்பில் நடந்துவிடாது.

நம் மண்ணிலேயே இதற்குப் பாடம் உண்டு. 1988-ல் சென்னை விஞ்ஞானிகள் கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக் கிருமிக்கு எதிராகச் சோதித்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று உலகப் புகழ் பெற்ற மருத்துவப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னால் வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதில் அவமானம் ஒன்றும் இல்லை. அந்த விஞ்ஞானிகள் எண்ணிக்கையை உலகத்தின் முன் வைத்தார்கள். லாட்ஜ் வைத்தியன் எந்த எண்ணிக்கையை வைத்தான்? சீனத்தைப் பாருங்கள். 1967-ல் மலேரியாவுக்கு மருந்து தேட அரசாங்கமே விஞ்ஞானிகளைத் திரட்டியது. பழைய ஏடுகளைப் புரட்டி, மூலிகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, தூ யூயூ என்ற பெண்மணியின் குழு ஒரு மாசிப்பத்திரி இனச் செடியிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலிகையை மதிக்கும் வழி அதுதான்.

சரி, நிரூபணமான மருந்து எது? அசைக்ளோவிர் மாத்திரை. கெர்ட்ரூட் எலியன் என்ற பெண் விஞ்ஞானியின் ஆராய்ச்சிக் குழுவில் பிறந்தது. பெண் என்பதற்காகவே சோதனைச்சாலைகள் வேலை தர மறுத்த அவருக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மாத்திரை வியாதியை ஒழிக்காது. ஆனால் புண் கிளம்பும்போதே ஆரம்பித்தால் சீக்கிரம் ஆற்றும். அடிக்கடி வருகிறவர்கள் டாக்டர் சொற்படி தினமும் சாப்பிட்டால், வருகிற தடவைகள் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு குறையும். இதே இனத்து மருந்தை 1,484 தம்பதிகளிடம் சோதித்து 2004-ல் முடிவு சொன்னார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் தொற்றுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆணுறையும் தொற்றைக் குறைக்கும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பால்வினை நோய்களுக்கு நிறம் நிறமாக மருந்துப் பொட்டலங்கள் வகுத்தார்கள். சிவப்புப் பொட்டலம் இந்தப் புண்ணுக்கு உரியது. அதில் 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் மாத்திரை 21. தினம் மூன்று வீதம் ஏழு நாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கேளுங்கள், அது நம் உரிமை.

'தேனைத் தடவினால் என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். நஷ்டம் தேனில் இல்லை, கடந்துபோகிற நாளில் இருக்கிறது. மறைவிடத்துப் புண்ணெல்லாம் அக்கி ஆகாது. கிரந்திப் புண்ணாகவும் இருக்கலாம். அதை ஆரம்பத்திலேயே கண்டால் 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஒரே தடவை போட்டு முழுக்கக் குணப்படுத்தலாம். லேகியத்தை நம்பிக் காத்திருந்தால் புண் மறையும், வியாதி உள்ளே இறங்கி மூளையையும் இருதயத்தையும் தாக்கும். சுண்ணாம்புத் தொட்டியிலும் குரோம் டிரம்மிலும் வேலை செய்கிற தோழருக்குக் கையிலும் காலிலும் புண் பழகிப்போன விஷயம். அதே போல இதையும் சும்மா விட்டுவிடக் கூடாது. இந்தக் கிருமி உள்ளவருக்கு எய்ட்ஸ் கிருமி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. நிறை கர்ப்பத்தில் முதன்முதலாக இது தொற்றினால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிச் சகோதரிகள் வெட்கப்படாமல் நர்ஸம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். துத்தம் போன்றவற்றைப் புண்ணில் வைத்துத் தோலை வேகவைத்துக் கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட முடிவின்படி, 14-ல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்தது. பெயர் தெரியாத சூரணத்தில் என்ன இருக்கிறதென்று யார் கண்டது?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1954-ம் வருஷத்து மருந்துகள், மந்திர மருந்துகள் சட்டம், மேக வியாதிகளைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே தடுக்கிறது. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். 2018-ல் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்று 170-வது விதியையும் போட்டார்கள். அதை 2024 ஜூலையில் மத்திய அரசாங்கமே நீக்கி அறிவித்தது. சுப்ரீம் கோர்ட் 2024 ஆகஸ்டில் அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது, 2025 ஆகஸ்டில் வழக்கை முடித்துக்கொண்டது. பாரம்பரியத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு யாருடைய கஜானாவைக் காக்கிறார்கள் என்பது நமக்கு விளங்காமல் இல்லை.

போலி வைத்தியனை மட்டும் திட்டி என்ன பயன்? நம் தொழிலாளி அவனிடம் ஏன் போகிறான்? ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரத்தில் அவன் வேலையில் இருக்கிறான். லீவு போட்டால் கூலி போகிறது. போனாலும் பத்துப் பேர் காதில் விழ 'என்ன வியாதி?' என்று கேட்கிறார்கள். லாட்ஜ்காரன் கதவைச் சாத்திவிட்டு மரியாதையாகப் பேசுகிறான். அந்த மரியாதைக்குத்தான் நம் ஆட்கள் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள். இ.எஸ்.ஐ.க்காக நூறு ரூபாய் கூலியில் முதலாளி 3 ரூபாய் 25 காசும் தொழிலாளி 75 காசும் கட்ட வேண்டும் என்று 2019 ஜூலையில் நிர்ணயித்தார்கள். பணம் கட்டுகிறவனுக்கு மரியாதையும் சேர்த்துத்தானே வைத்தியம்?

ஆகவே நாம் கோருவது இது. ஒன்று, இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் ஷிப்டு முடிந்த பிறகும் டாக்டர் இருக்க வேண்டும். மறைவான அறை வேண்டும். பெண்களுக்குப் பெண் டாக்டர் வேண்டும். இரண்டு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும், வீட்டிலிருந்து ஷூ மேல்பாகம் தைக்கிற பெண்களுக்கும் இ.எஸ்.ஐ. அட்டை வேண்டும். அந்த அட்டை கிடையாத விவசாயக் கூலிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசைக்ளோவிரும் பென்சிலினும் தீராமல் இருக்க வேண்டும். மூன்று, 1954 சட்டத்தின்படி விளம்பரக்காரர்கள் மேல் வழக்குப் போட வேண்டும். நான்கு, தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இந்தப் புண்ணுக்குச் சொல்லப்படும் மருந்துகளை முறைப்படி சோதித்து, பலித்தாலும் பலிக்காவிட்டாலும் கணக்கைத் தமிழில் வெளியிட வேண்டும்.

சங்கக் கிளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வாயிற்கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். புண் வந்த தோழர் தனியாகப் போகத் தயங்கினால், ஒரு தோழர் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகட்டும். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச டெலிபோன் எண்ணை ஆலை வாசலில் எழுதி வையுங்கள். கூலி உயர்வுக்குக் கூட்டாகப் போராடத் தெரிந்த வர்க்கம், வாங்கிய கூலியை லாட்ஜ் வாசலில் பறிகொடுக்காமல் காக்கவும் கூட்டாகவே நிற்க வேண்டும்.