முன்பின் சொல்லாத கணிப்பு ஜோசியம்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1972இல் வெள்ளிக் கோளுக்குக் கிளம்பி, பூமியை விட்டே போக முடியாமல் 53 வருடம் சுற்றிய சோவியத் கலம் காஸ்மாஸ் 482. அரை டன் எடையுள்ள அதன் இறங்குகலம் 2025 மே 10 அன்று விழுந்தது. அதற்கு முந்தின வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. மணி, நிமிடம், விழும் இடம் எல்லாம் போட்டிருந்தது. அதை அனுப்பியவர்களில் என்னிடம் இயற்பியல் படித்தவர்களும் உண்டு. விழுந்த பிறகு அதே ஆட்கள், "விஞ்ஞானிகளுக்கே சரியா சொல்லத் தெரியல சார்" என்று கேலி செய்தார்கள். எனக்குக் கோபம் இரண்டின் மேலும்தான்.

கணக்கைப் பாருங்கள். தாழ்ந்த சுற்றுப்பாதையில் வேகம் நொடிக்குச் சுமார் 7.8 கி.மீ. கணிப்பு ஒரு நிமிடம் பிசகினால் விழும் இடம் 470 கி.மீ. தள்ளிப்போகும். ஏறக்குறைய புதுச்சேரிக்கும் கன்னியாகுமரிக்கும் உள்ள தூரம். பிசகாமல் இருக்குமா? சூரியன் சீறினால் மேல் வளிமண்டலம் சூடேறி உப்பும், உராய்வு கூடும். புரண்டு வரும் பொருள் காற்றுக்கு எந்தப் பக்கத்தைக் காட்டும் என்பதும் நிச்சயமில்லை. அதனால் மீதி இருக்கும் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை முன்பின் ஆகலாம் என்று வைத்துக்கொள்வார்கள். ஐந்து நாளுக்கு முன்னால் சொன்னால் ஒரு நாள் முன்பின். ஒரு நாளில் அது பூமியைப் பதினாறு சுற்று சுற்றிவிடும்!

கடைசியில் ஜெர்மனி ரேடார் ஒரு சுற்றில் அதைப் பார்த்தது, அடுத்த சுற்றில் காணோம். நடு அந்தமானுக்கு மேற்கே 560 கி.மீ. தொலைவில் வளிமண்டலத்தில் நுழைந்து, ஜகார்த்தாவுக்கு மேற்கே கடலில் விழுந்ததாக ரஷ்யா அறிவித்தது. நுழைந்த அந்த இடம் நம் கடற்கரைச் சாலையிலிருந்து ஆயிரம் கி.மீ. கூட இல்லை. அதன் வேகத்துக்கு இரண்டு நிமிடம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1979 ஜூலையில் ஸ்கைலாப் விழுந்தபோது நான் புது வாத்தியார். "நம்ம ஊர்ல விழுமா சார்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "விழவே விழாது" என்று அடித்துச் சொன்னேன். துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் விழுந்தன, நான் பெரிய அறிவாளி ஆகிவிட்டேன். உண்மையில் 'தெரியாது' என்று சொல்ல வெட்கம். பலித்தது என் ஜோசியம், அவ்வளவுதான். பின்னாளில் வெர்னியரின் மீச்சிற்றளவை எழுதாதவனுக்கு மதிப்பெண் குறைத்தேனே, அது அந்தப் பாவத்துக்குப் பரிகாரம்.

விஞ்ஞானிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "குறிபார்த்து இறக்க ஏன் ஏற்பாடு செய்யவில்லை?" இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து 2011இல் அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் அதற்காக வடிவமைத்தது இல்லை. இருந்தும் மிச்ச எரிபொருளைக் கொண்டே 2023 மார்ச் 7 அன்று பசிபிக்கில் ஆளில்லாத பகுதியாகப் பார்த்து இறக்கினார்கள். அதே வருடம் நவம்பரில் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் மேல்நிலை, கட்டுப்பாடின்றித் தானாகத்தான் விழுந்தது. 2030க்குள் குப்பையில்லாப் பயணங்கள் என்று இஸ்ரோ சொல்லியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் முதலில் 'முன்பின் எவ்வளவு' என்று தேடுங்கள். இல்லையென்றால், பிள்ளைகளே, அனுப்பாதீர்கள்.

உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்