பள்ளிக்கூடத்தின் நம்பரும் எங்கள் பிள்ளைகளும்

வரிக் கணக்குச் செய்ய வந்த ஒரு தம்பி, கடதாசிகளை மேசையில் வைத்துவிட்டு வேறொரு கேள்வி கேட்டார். “அண்ணை, வீடு ஒண்டு பாத்திருக்கிறம். விலை சரி. ஆனா பக்கத்துப் பள்ளிக்கூடத்தின்ரை நம்பர் 960 தான். வாங்கலாமோ?”

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வாழும் எங்கள் குடும்பங்களுக்கு இந்த நம்பர் புதிதல்ல. 2010இல் தொடங்கிய ‘மை ஸ்கூல்’ இணையத்தளம் ஒவ்வொரு பள்ளிக்கும் காட்டும் ‘இக்சியா’ சுட்டெண் அது. அதன் நடுப்புள்ளி 1000. பலர் இதைப் பள்ளியின் தரத்துக்கு இட்ட புள்ளி என்றே நினைக்கிறார்கள். அது பிழை. பெற்றோரின் படிப்பு, பெற்றோரின் தொழில், பள்ளி இருக்கும் இடம், பூர்வகுடி மாணவர்களின் வீதம் ஆகியவற்றைக் கொண்டே அது கணிக்கப்படுகிறது. ஆசிரியர் எப்படிப் படிப்பிக்கிறார் என்பதற்கு அதில் இடமே இல்லை.

எனக்கு இது விளங்கியது என் சொந்தப் படிவத்தில்தான். அகதியாக வந்த புதிதில் மூத்த மகளைப் பள்ளியில் சேர்த்தபோது, வணிகப் பட்டம் பெற்றிருந்த நான் தொழில் என்ற இடத்தில் ‘தொழிற்சாலை ஊழியர்’ என்று எழுதினேன். இரவு வேலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பள்ளியின் நம்பர் குறைவாக இருந்ததில் என் பங்கும் இருந்தது.

அப்படியென்றால் நம்பரை விட்டுவிடலாமா? அதுவும் முடியாது. 1966இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்மன் அறிக்கை, கூடப் படிக்கும் பிள்ளைகளின் குடும்பப் பின்னணியும் ஒரு பிள்ளையின் அடைவைப் பாதிக்கிறது என்று காட்டியது. பேர்த் நகரின் மேர்டொக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரா பெரி, அன்ட்ரூ மக்கொனி இருவரும், 2003ஆம் ஆண்டின் ‘பீசா’ சோதனையில் அவுஸ்திரேலிய மாணவர் 12,000க்கும் அதிகமானோர் பெற்ற புள்ளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். பள்ளியின் சராசரிப் பொருளாதார நிலை உயர உயர, ஏழை, வசதியானவர் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளின் புள்ளிகளும் உயர்ந்திருந்தன.

காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. வசதி குறைந்த பள்ளிகளில் ஆசிரியர்கள் நிலைப்பது குறைவு. உயர்நிலைக் கணிதம், இரசாயனம் போன்ற பாடங்களை நடத்தப் போதிய மாணவர் சேராமல் போகலாம். பெற்றோருக்கு இரண்டு வேலை என்றால் பள்ளிக் கூட்டத்துக்குப் போக நேரம் கிடைக்காது.

ஆனால் ஒரு கணக்காளனாக இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இறுதி மீதியை மட்டும் பார்த்து ஒரு வியாபாரத்தின் இலாபத்தைச் சொல்ல முடியாது. ஆரம்ப மீதி வேண்டும். பிள்ளை பள்ளிக்குள் நுழையும்போது இருந்த நிலையையும் சேர்த்துப் பார்த்தால், பள்ளியின் கலவை தரும் விளைவு நன்றாகச் சுருங்குகிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. உயர்ந்த நம்பர் உள்ள பள்ளியின் நல்ல பெறுபேற்றில் பெரும்பகுதி, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த முதல்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் மீண்டும் கணக்காளனாக வேலை பெற்றதும், இளையவனை அடுத்த புறநகரில் நம்பர் கூடிய பள்ளிக்கு மாற்றினோம். புதிய படிவத்தில் ‘கணக்காளர்’ என்று எழுதினேன். பழைய பள்ளி ஒரு பட்டதாரிக் குடும்பத்தை இழந்தது. அங்கே மிஞ்சியவர்கள் யார்? எங்களுக்குப் பின் படகில் வந்து, வருடக்கணக்காக நிரந்தர விசா இல்லாமல் இருந்தவர்களின் பிள்ளைகளும்தான். எங்களைப் போலப் பலர் ஒரே முடிவை எடுத்தால், பள்ளியின் கலவையை மாற்றுவது அரசு அல்ல, நாங்களே.

இது எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை கிராமப் பள்ளியின் கெட்டிக்காரரை நகரத்துப் பெரிய கல்லூரிக்குக் கொண்டுபோகும். இங்கே ஆறாம் வகுப்பில் ‘செலக்டிவ்’ பரீட்சை. அங்கும் இங்கும் ரியூசன்.

டேவிட் கொன்ஸ்கி தலைமையிலான குழு 2011இல் முடித்த அறிக்கை, பின்தங்கிய பிள்ளைகள் ஒரே பள்ளியில் செறிவதைத் தனிப் பிரச்சினையாகவே எடுத்தது. அதன் வழியாக வந்த நிதி முறையில், அந்தச் செறிவு கூடக் கூட ஒரு பிள்ளைக்கான மேலதிகத் தொகையும் கூடும். ஆனால் பெரும்பாலான அரச பள்ளிகளுக்கு முழுத் தொகை இன்னும் வந்து சேரவில்லை. 2025 மார்ச்சுக்குள் எல்லா மாநிலங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, மத்திய அரசின் பங்கு 2034க்குள்தான் 25 சதவீதமாகும். 2025இல் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் பத்தாம் வகுப்பில் இருப்பான். தேர்தல் காலத்தில் எங்கள் சங்கங்கள் வேட்பாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: நம்பரை மட்டும் பார்த்து வீட்டை விடவேண்டாம். அதே தளத்தில், ஒரே அளவில் தொடங்கிய பிள்ளைகளோடு ஒப்பிட்டு முன்னேற்றத்தைக் காட்டும் பகுதி உண்டு. அதைப் பாரும். பள்ளிக்கு நேரில் போய், ஆசிரியர்கள் எத்தனை வருடம் நிற்கிறார்கள், மேல் வகுப்பில் எந்தக் கணிதம் நடக்கிறது என்று கேளும். சேர்த்தால் பெற்றோர் சங்கத்திலும் சேரும்.

“அப்ப நீங்கள் ஏன் மாத்தினனீங்கள்?” என்று கேட்டார்.

“பயம்தான்” என்றேன். “முன்னேற்றப் பக்கத்தைப் பாக்க அப்ப எனக்குத் தோன்றேல்லை. நீர் பாத்திட்டு முடிவெடும்.”