'கோ' போய் 'வென்ட்' வந்த கதை

போன வியாழக்கிழமை சாயங்காலம் என் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகப் பையை ஊஞ்சலில் எறிந்துவிட்டுக் கூடத்து மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பஜ்ஜி வாசனைக்குக்கூட மசியவில்லை. மெதுவாக நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். கோயிலுக்குப் போய்வந்ததைப் பற்றி இங்கிலீஷில் ஐந்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை 'கோ' என்பதற்கு இறந்த காலமாகக் 'கோவெட்' என்று எழுதியிருந்தாள். சுற்றிலும் சிவப்பு மசி. போதாக்குறைக்கு அதை வகுப்பிலே உரக்கப் படிக்கவும் சொன்னார்களாம், எல்லாரும் சிரித்தார்களாம்.

"இனிமே நான் இங்கிலீஷே பேசமாட்டேன், பாட்டி!" என்றாள். சொன்னபடியே பேசவும் இல்லை.

சகோதரிகளே, எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை. 'கோவெட்' என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. 'வாக்' என்றால் 'வாக்ட்', 'குக்' என்றால் 'குக்ட்' என்று பார்த்துப் பார்த்து, விதியைத் தானாகவே கண்டுபிடித்துப் போட்டிருக்கிறாள்! இங்கிலீஷ்காரக் குழந்தைகளும் இப்படித்தான். முதலில் கேட்டபடி 'வென்ட்' என்று சரியாகச் சொல்லும். விதி பிடிபட்டதும் 'கோவெட்' என்று தப்பாகச் சொல்ல ஆரம்பிக்கும். அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற அம்மாள் 1958-ஆம் வருஷத்திலேயே, 'ரிக்' என்று இல்லாத ஒரு வினையைக் குழந்தைகளிடம் சொல்லி, "நேற்று அவன் என்ன செய்தான்?" என்று கேட்டுப் பார்த்தார். 'ரிக்ட்' என்று பதில் வந்தது. கிளிப்பிள்ளைக்கு இது வருமா?

சரி, 'கோ'வுக்கு 'வென்ட்' எப்படி வந்தது? அது கடன் வாங்கிய சரக்கு. 'ஸெண்ட்' என்பதற்கு 'ஸென்ட்' இருக்கிறதல்லவா? அதுபோல 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்த காலம்தான் 'வென்ட்'. 'கோ'வுக்குச் சொந்தமாக இருந்த இறந்த காலம் வழக்கொழிந்து போகவே, இதைப் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். பறிகொடுத்த 'வெண்ட்', பாவம், 'வெண்டெட்' என்று புதிதாக ஒன்றைத் தேடிக்கொண்டது.

2007-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த சிலர் ஒரு கணக்குப் போட்டார்கள். பழைய இங்கிலீஷில் ஒழுங்கற்ற வினைகள் 177-ஐ எடுத்துக்கொண்டு பார்த்தால், இடைக்காலத்தில் 145 மிஞ்சின, இன்று 98தான். மற்றவை 'எட்' போட்டுக்கொண்டு ஒழுங்காகிவிட்டன. 'ஹெல்ப்' என்பதற்கு ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்று இருந்தது; இப்போது 'ஹெல்ப்ட்'. ஆனால் அதிகமாகப் புழங்கும் பத்து வினைகளும் இன்றுவரை ஒழுங்கற்றவையே. நம் வீட்டுப் பாத்திரக் கதைதான்! தினம் அடுப்பில் ஏறும் பழைய வெண்கலப் பானை அப்படியே இருக்கிறது. பரணில் கிடந்த பித்தளையெல்லாம் எவர்சில்வராக மாறிவிட்டது. புதிதாக வரும் வினைகளோ பிறக்கும்போதே எவர்சில்வர்தான்: 'ஈமெயில்', 'ஈமெயில்ட்'.

நம் தமிழ் மட்டும் லேசா? 'அழு' என்றால் 'அழுதான்'. 'எழு' என்றால் 'எழுதான்' இல்லை, 'எழுந்தான்'. 'எடு' என்றால் 'எடுத்தான்'. 'விடு' என்றால் 'விட்டான்'. தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரர் நம்மைக் கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வாய்ப்பாடு மாதிரி அகர வரிசையில் உருப் போடாமல், ஓசை பார்த்துச் சேர்த்துக்கொள் என்றேன். 'கீப்-கெப்ட்', 'ஸ்லீப்-ஸ்லெப்ட்' ஒரு கூட்டம். 'கட்', 'புட்', 'ஷட்' எதற்கும் அசையாத கூட்டம். 'ஸிங்-ஸேங்', 'ரிங்-ரேங்' இன்னொன்று.

ஞாயிற்றுக்கிழமை அடுக்களையில் மிளகாயைக் கீறிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்போ 'ப்ரிங்'குக்கு 'ப்ரேங்'தானே, பாட்டி?"

"இல்லேடி கண்ணே, அது 'திங்க்-தாட்' கூட்டத்தோடு போய்விட்டது. 'ப்ராட்'."

"ஏன்?"

மூன்று நாள் கழித்து அவள் வாயிலிருந்து வந்த முதல் இங்கிலீஷ் இறந்த காலம் தப்பானதுதான். வாணலியிலிருந்து எடுத்த முதல் பஜ்ஜியை ஊதி ஆற்றி அவள் கையில் கொடுத்தேன்.