சிறையும் சிற்பமும்: ஒரு மறுப்பு

துன்பம்தான் கலைஞனைப் படைக்கிறது என்ற பழைய சரக்கு, 'சிறை கலைஞனைப் படைக்கிறது' என்று புதுச் சீட்டு ஒட்டப்பட்டு நம் வட்டத்தில் நடமாடுகிறது. உள்ளே ஒரு கைதி தூரிகை பிடித்தான் என்று கேள்விப்பட்டதுமே நண்பர்களுக்குக் கண் பனித்துவிடுகிறது. பனித்த கண்ணால் படத்தைப் பார்ப்பது எப்படி? பார்ப்பதில்லை. இருட்டு, கம்பி, வெளிச்சக் கீற்று என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த வியாக்யானம் தவறானது மட்டுமல்ல, ஆபாசமானது.

இவர்கள் எடுத்த எடுப்பில் காட்டுகிற உதாரணம் ஜிம்மி பாயில். அதையே எடுத்துக்கொள்கிறேன். கிளாஸ்கோவின் கார்பல்ஸ் பகுதிக்காரர். 1967இல் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. அந்தக் கொலையைத் தான் செய்யவில்லை என்றே சொல்லிவந்தார். சிறைக்குள்ளும் வார்டர்களோடு ஓயாத மோதல். இன்வர்னஸின் போர்ட்டர்ஃபீல்ட் சிறையில், அறைக்குள் இன்னொரு அறையாகக் கம்பி அடித்த கூண்டில் அவரை வைத்தார்கள். தன் மலத்தையே உடம்பில் பூசிக்கொண்டு எதிர்த்த காலம் அது. துன்பம் சிருஷ்டியின் ஊற்று என்றால், அந்தக் கூண்டிலிருந்தல்லவா சிற்பம் வந்திருக்க வேண்டும்? வரவில்லை.

வந்தது வேறிடத்தில். 1973இல் கிளாஸ்கோவின் பார்லின்னி சிறைக்குள் ஒரு சிறிய தனிப்பிரிவு திறக்கப்பட்டது. அங்கே கைதி சொந்த உடை உடுத்தலாம். பார்க்க வருபவர்களுக்கு வழக்கமான கெடுபிடி இல்லை. கைதிகளும் வார்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து பிரிவின் காரியங்களை விவாதித்தார்கள். கத்திக்குப் பெயரெடுத்தவர்களின் கையில் உளி கொடுக்கப்பட்டது. ஜாய்ஸ் லெய்ங் என்ற கலைச் சிகிச்சையாளர் களிமண் கொண்டுவந்தார். பாயில் அதைப் பிசைந்து பார்த்தார். பிறகு விடவில்லை.

ஆக, அவருக்குக் கலையைத் தந்தது சிறை அல்ல. சிறை தன்னை ஓரிடத்தில் தளர்த்திக்கொண்டதுதான் தந்தது. அந்தப் பிரிவு தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்டபோது 'சிறை கலைஞனைப் படைக்கிறது' என்பவர்கள் வருத்தப்பட்டிருக்க நியாயமில்லை. கூண்டு இருந்தால் போதுமே அவர்களுக்கு.

களிமண்தான் காரணமா என்று கேட்கலாம். அதுவும் இல்லை. அதே பிரிவில் இருந்த எல்லோரும் சிற்பி ஆகிவிடவில்லை. துன்பத்தையும் கழித்து, மண்ணையும் கழித்தபின் ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. விமர்சனம் பேச வேண்டியது அந்த மிச்சத்தைப் பற்றி. கைதியாக இருந்தபோதே 1976இல் எடின்பரோவின் கிரெய்க்மில்லர் பகுதிக்காக, படுத்திருக்கும் கலிவர் ஒன்றைச் சிமெண்டில் வடிவமைத்துக் கொடுத்தார் பாயில். உடனே நம்மவர்கள் 'கட்டுண்ட கலிவர், கூண்டிலிருந்த பாயில்' என்று உவமையை முடிந்து கையில் கொடுத்துவிடுவார்கள். அது சிறுவர்கள் ஏறி விளையாடுவதற்கென்று செய்யப்பட்ட உடம்பு. தோளின் சரிவு ஒரு குழந்தையின் காலுக்குப் பொருந்துகிறதா, அவ்வளவு பெரிய உருவம் தரையிலிருந்து எழுகிறதா அல்லது தரையில் கொட்டிக் கிடக்கிறதா என்பவைதான் சிற்பக் கேள்விகள். புகைப்படங்களில் பார்த்தவரை இரண்டாவது கேள்விக்கு என் பதில் அவ்வளவு சாதகமானதல்ல. இதைச் சொன்னால் இரக்கமற்றவன் என்கிறார்கள். தண்டனைக்காலத்தைக் கூட்டிக் கழித்து மதிப்பெண் போடுகிறவன் எந்த விதத்தில் இரக்கமுள்ளவன்?

எண்பதுகளின் இறுதியில் கனெக்டிகட் சிறையில் இருந்த ரே மேட்டர்சன் காலுறையிலிருந்து நூல் பிரித்துத் தையல் படங்கள் செய்தார். பாட்டி எம்பிராய்டரி போட்டது ஞாபகம் வந்ததாம். ஆரம்பத்தில் சின்னங்களைத் தைத்துக் கொடுத்துச் சக கைதிகளிடம் சிகரெட்டும் காப்பியும் வாங்கினார். உள்ளங்கைக்குள் அடங்கும் படங்கள். ஒரு சதுர அங்குலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தையல்கள். இதில் 'விடுதலை வேட்கை' எங்கே இருக்கிறது? அளவின் மேல் ஒரு மனிதனுக்கு ஏற்பட்ட வெறி இருக்கிறது. எனக்கு அது போதும்.

எதிர்த்தரப்பு மூடத்தனமும் ஒன்று உண்டு. 1981இல் ஜாக் ஆபட்டின் சிறைக் கடிதங்கள் நூலாயின. நார்மன் மெய்லர் அவருக்காக வாதாடினார். வெளியே வந்த சில வாரங்களில் ஆபட் நியூயார்க்கில் ஓர் உணவக ஊழியரைக் கொன்றார். உடனே, அந்த எழுத்தே போலி என்றார்கள். உரைநடை நன்னடத்தைச் சான்றிதழ் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? மெய்லர் செய்த பிழையும் அதுவே: நல்ல வாக்கியத்தை ஜாமீனாக எடுத்துக்கொண்டார். நான் வங்கி எழுத்தன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக யாருக்கும் கடன் கொடுப்பதில்லை.

(போகிற போக்கில்: தன் ஆபீஸைச் சிறை என்று எழுதுகிற கவிஞர்கள் அருள்கூர்ந்து நிறுத்திக்கொள்ளலாம். கவுண்டர் சிறையல்ல. சாயங்காலம் பஸ் இருக்கிறது.)

சிறைக் கவிதைகளுக்கென்று தனிப்பகுதி ஒதுக்கப்போவதாகக் கேள்வி. தனிப்பகுதி வேண்டாம். வழக்கமான கவிதைப் பக்கங்களிலேயே போடுங்கள். தேறாதவற்றை, எனக்குத் திருப்பி அனுப்புவதைப் போலவே அவர்களுக்கும் திருப்பி அனுப்புங்கள்.